டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: த்ரில்லர் டைட்டில் வெட்ட எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

உளவியல் த்ரில்லருக்கு டைட்டில் (படத் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் பகுதி) வெட்டுகிறவர் ஒரு மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: படமும் ஒலியும் சந்திக்கும் இடத்தை ஒரு பிரேம் முன்னே, ஒரு பிரேம் பின்னே தள்ளி, உடனே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க முடிகிறதா? எழுத்துக்கு எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, எத்தனை டெம்ப்ளேட் கூடவே வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலை வைத்து பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பைப் பார்த்தால், எடிட் பக்கமும் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கமும் நன்றாகத் தேறுகின்றன. எழுத்து வேலை நடக்கும் ஃபியூஷன் பக்கம் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் வேகம் சம்பந்தப்பட்டது மட்டும் என்று நினைத்தால் தவறு. டைட்டிலின் தாளத்தையே அது கெடுத்துவிடும். எப்படி என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் கருவியை எடைபோட முடியும். 1995-இல் வந்த டேவிட் ஃபிஞ்சரின் ‘செவன்’ படத்தின் டைட்டில் இந்த வகைக்கு இன்றும் உரைகல். வடிவமைத்தவர் கைல் கூப்பர், வெட்டியவர் ஆங்கஸ் வால். இசை, நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ‘க்ளோசர்’ பாட்டை காயில் குழு உருமாற்றித் தந்த ரீமிக்ஸ். ஓடுவது சுமார் இரண்டு நிமிடம். ஒருவன் நோட்டுப் புத்தகம் தைக்கிறான், பிளேடால் விரல்நுனித் தோலைச் சீவுகிறான், அச்சிட்ட சொற்களை அடிக்கிறான், டாலர் நோட்டிலிருந்து ஒரு சொல்லை வெட்டியெடுக்கிறான். கொலை எதுவும் நடப்பதில்லை, அவன் முகமும் தெரிவதில்லை. பெயர்கள் கையால் கீறப்பட்டவை. வந்து துடித்து மறைகின்றன.

அதற்குச் சற்று முந்தைய காட்சியைக் கவனித்தால் தொழில் ரகசியம் பிடிபடும். மார்கன் ஃப்ரீமனின் துப்பறிவாளர் தூங்குவதற்காகப் படுக்கையருகே மெட்ரோனோமை ஓடவிடுகிறார். சீரான டிக், டிக். பார்ப்பவரின் காது அந்தச் சீருக்குப் பழகுகிறது. பிறகு டைட்டில் வந்து, இசையில் ஒரு துடிப்பைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே, படத்தை அந்தத் துடிப்போடு சேரவிடாமல் இழுத்தடிக்கிறது. காது ஒன்றை எதிர்பார்க்கிறது, கண்ணுக்கு அது கிடைப்பதில்லை. பயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். ஆகவே நமக்கு வேண்டியது மூன்று: துடிப்பின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வழி, அதிலிருந்து விலகி வெட்டும் வசதி, நிலையாக நிற்காத எழுத்து.

பிரேம் கணக்கு முதலில்

ரிசால்வில் புது பிராஜெக்ட் தொடங்கியதும், எந்தக் கோப்பையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன், பிராஜெக்ட் செட்டிங்ஸில் பிரேம் வேகத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். ஷாட்டுகள் உள்ளே வந்தபின் பிராஜெக்டின் பிரேம் வேகத்தை மாற்ற இது விடாது. நொடிக்கு 24 என்று வைத்துக்கொண்டால், இசையின் ஒரு துடிப்புக்கு எத்தனை பிரேம் என்பது எளிய வகுத்தல்: 1440-ஐ பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு) எண்ணால் வகுக்க வேண்டும். 60-க்கு 24 பிரேம், 72-க்கு 20, 80-க்கு 18, 90-க்கு 16, 96-க்கு 15, 120-க்கு 12. இவை முழு எண்ணாக வருவதால் எந்தத் துடிப்பின்மேலும் கட்டைத் துல்லியமாக உட்காரவைக்கலாம்.

100 பி.பி.எம். எடுத்துக்கொண்டால் 14.4 வரும். 14 பிரேமுக்கு ஒரு மார்க்கர் (ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனில் வைக்கும் குறி) என்று வைத்துக்கொண்டே போனால் ஐந்தாவது துடிப்பிலேயே 2 பிரேம் பிசகிவிடும். இசையமைப்பாளரிடம் பேசும்போதே “90 அல்லது 96” என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது, ஆர்.ஆர். (பின்னணி இசைப் பதிவு) முடிந்து ட்ராக் கைக்கு வந்தபிறகு கேட்டால் யாருக்கும் பிடிக்காது. நொடிக்கு 25 பிரேமில் வேலை செய்பவர்களுக்கு வகுபடும் எண் 1500. அங்கே 100 பி.பி.எம். சரியாக 15 பிரேமில் விழும், 90 விழாது.

இன்னொரு பொறி 23.976. கேமராவில் அப்படிப் பதிவாகியிருக்கும், இசை 24-க்குக் கணக்கிட்டு வந்திருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இரண்டு நிமிட டைட்டிலின் முடிவில் அது 0.12 நொடியாகிவிடும், அதாவது கிட்டத்தட்ட 3 பிரேம். முதல் நிமிடம் கச்சிதமாக இருந்து, கடைசியில் படத்தின் பெயர் விழும் இடம் மட்டும் பிசகுகிறது என்றால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

துடிப்புகளைக் குறிப்பதற்கு, இசையை ஓடவிட்டு எம் விசையைத் தட்டிக்கொண்டே போவதுதான் பலரின் வழக்கம். விரல் எப்போதும் தாமதமாக விழும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் தாமதமாகாது. முதல் துடிப்பை அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குறியுங்கள். பிறகு டைம்லைனில் எதையும் தேர்ந்தெடுக்காத நிலையில் கூட்டல் குறியும் 16-ம் தட்டி என்டர் அழுத்தினால், இப்போது எந்த பிரேமில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு 16 பிரேம் முன்னே நகரும்; அங்கே எம். மறுபடி அதே. ஏதாவது ஒரு ஷாட் தேர்வில் இருந்தால் கோட்டுக்குப் பதில் ஷாட்டே 16 பிரேம் நகர்ந்துவிடும், இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து அது. 180 மார்க்கரையும் இப்படி வைக்க வேண்டியதில்லை. நான்கு துடிப்புக்கு ஒன்று, 64 பிரேம் இடைவெளியில், 45 மார்க்கர் போதும். நடுவில் உள்ளதைக் காது பார்த்துக்கொள்ளும்.

துடிப்பை விட்டு விலகி வெட்டுதல்

ஒவ்வொரு துடிப்பிலும் கட் விழுந்தால் அது பாட்டு வீடியோ. பார்ப்பவர் மூன்றாவது கட்டிலேயே முறையைக் கண்டுபிடித்து நிம்மதியாகிவிடுவார். த்ரில்லருக்கு அந்த நிம்மதி ஆகாது. அதே சமயம் எதிலுமே சேராமல் வெட்டினால் கவனக்குறைவாகத் தெரியும். முதலில் ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மீற வேண்டும்.

90 பி.பி.எம். இசைக்கு ஒரு நல்ல தொடக்கம்: முதல் நான்கு கட்டும் 64 பிரேமுக்கு ஒன்றாக மார்க்கர்மேல் சரியாக விழட்டும். ஐந்தாவதை 5 பிரேம் தாமதமாக்குங்கள். ஆறாவது சரியான இடத்தில். ஏழாவதற்கு முன்பு 3 பிரேமுக்கு முற்றிலும் வேறொரு ஷாட்டைச் செருகுங்கள். விலகலின் அளவு முக்கியம். 1, 2 பிரேம் விலகினால் எடிட்டர் தவறு செய்தார் என்று தோன்றும். 8 பிரேம் விலகினால் அது அரைத் துடிப்பு. இசையோடு சேர்ந்து துள்ளலாகிவிடும், பயம் போய்விடும். 4 முதல் 6 வரைதான் சரியாமல் சாய்ந்து நிற்கும் பகுதி. செருகும் ஷாட்டும் அப்படியே: 2 பிரேம் என்றால் கண் பார்த்துவிடும், மனம் இன்னதென்று அறியாது. 4 பிரேம் தாண்டினால் அடையாளம் தெரிந்துவிடும். 1 பிரேம் செருகலை நம்ப வேண்டாம், இணையத்துக்குச் சுருக்கும்போது அது குழம்பிப்போக வாய்ப்பு அதிகம்.

இந்த வேலைக்கு ரிசால்வின் எடிட் பக்கம் உண்மையிலேயே சிறப்பானது. டி விசையால் ட்ரிம் மோடுக்குப் போய், கட்டைத் தேர்ந்து, காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பிரேம் பின்னே, முற்றுப்புள்ளி விசைக்கு ஒரு பிரேம் முன்னே. கட்டுக்கு முன்னும் பின்னும் மூன்று நொடிக்கு இன், அவுட் (தொடக்க, முடிவுக் குறிகள்) வைத்து, லூப் போட்டு ஓடவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் வித்தியாசம் தெரியும். ஷாட்டுக்குள் எந்தச் செயல் கட் விழும் நேரத்தில் வருகிறது என்பதையும் இதே ட்ரிம் மோடில் ஷாட்டின் மேல்பாதியைப் பிடித்து இழுத்துச் சறுக்கலாம். டைம்லைனில் ஷாட்டின் இடமும் நீளமும் மாறாது. கத்தரிக்கோல் மூடும் கணம் கட்டுக்கு 2 பிரேம் முன்பு வருவதும் 2 பிரேம் பின்பு வருவதும் இருவேறு ஷாட்டுகள் போலத் தோன்றும்.

வேகத்தை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஷாட்டை 40 சதவீதத்துக்கு மெதுவாக்கினால் ரீடைம் முறையைக் கட்டாயம் ‘நியரஸ்ட்’ என்று வையுங்கள். ‘ஆப்டிகல் ஃப்ளோ’ இல்லாத பிரேம்களைக் கற்பனை செய்து வழுவழுப்பாக்கிவிடும். நமக்கு வேண்டியது பிரேம்கள் திரும்பத் திரும்ப நின்று துள்ளுகிற கரடுமுரடு.

எல்லா டைட்டிலும் வெட்டித்தான் பயமுறுத்த வேண்டும் என்பதில்லை. 1958-இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்கு சால் பாஸ் செய்த டைட்டிலில் ஒரு பெண்ணின் முகம், பிறகு கண், அதற்குள்ளிருந்து சுழன்று வரும் வளையங்கள். பெரும்பாலும் மெதுவான கரைதல்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான எதிர்ப்புப் பீரங்கியின் இலக்குக் கருவியை மாற்றியமைத்து ஜான் விட்னி அந்தச் சுழல்களை உருவாக்கினார். பெர்னார்ட் ஹெர்மன் இசையில் ஒரு வரிசை மேலேறும்போது இன்னொன்று கீழிறங்குகிறது, எந்தச் சுரத்திலும் இளைப்பாறாமல். படம் சுழல்கிறது, இசையும் சுழல்கிறது, இரண்டும் முடிவதில்லை. இந்த வழியில் போகிறவர்களுக்கு ரிசால்வில் கவனிக்க வேண்டியது டிசால்வின் (ஒரு ஷாட் இன்னொன்றாகக் கரைவதன்) நீளம். ஒரு டிசால்வ் தானாக எடுக்கும் ஒரு நொடியை விட்டுவிட்டு, இசையின் ஒரு சுற்று எத்தனை பிரேமோ அதே அளவு கொடுங்கள். 72 பி.பி.எம்.-இல் நான்கு துடிப்பு என்றால் 80 பிரேம். டிசால்வுக்கு இரண்டு பக்கமும் கூடுதல் காட்சி வேண்டும். ஷாட்டின் கடைசி பிரேம்வரை டைம்லைனில் போட்டுவிட்டால் ரிசால்வ் அதை வெட்டிக் குறுக்கச் சொல்லும்.

எழுத்து: இங்கேதான் சிக்கல்

ஃபியூஷனின் எழுத்துக் கருவியான ‘டெக்ஸ்ட் ப்ளஸ்’ வசதி நிறைந்தது. பெயரின் நடுப்புள்ளியில் வலது சொடுக்கில் ‘ஷேக்’ அல்லது ‘பெர்டர்ப்’ சேர்த்தால் எழுத்து அசையத் தொடங்கும். ஆனால் கிடைக்கும் அசைவு தண்ணீரில் மிதப்பதுபோல வழுக்கிக்கொண்டு போகும். ஃபிலிமில் கீறிய எழுத்தின் துடிப்பு அப்படியல்ல: ஒரு இடத்தில் 2 பிரேம் நிற்கும், சட்டென்று தாவும், 5 பிரேம் நிற்கும், மறுபடி தாவும். இதைப் பெற, ஷேக்கை விட்டுவிட்டுக் கையால் கீஃபிரேம் (எந்த பிரேமில் எழுத்து எங்கே என்ற குறி) வைப்பதுதான் வழி. 2, 3, 5 என்று சமமில்லாத இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு கீஃபிரேம், திரை அகலத்தில் அரை சதவீதத்துக்கு மேல் போகாத நகர்வு. பிறகு, அசைவைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்ப்ளைன் பக்கத்தில் எல்லாவற்றையும் தேர்ந்து ‘ஸ்டெப் இன்’ கொடுத்தால் நடுவில் வழுக்காது. ஒவ்வொரு தாவலுக்கும் எழுத்து 1 பிரேம் மங்கலானால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

இதைவிடச் சிறந்த முறை எழுத்தைக் கணினியில் எழுதாமலே இருப்பது. கறுப்பு மை பூசிய வழவழப்பான அட்டையில் ஊசியால் பெயரைக் கீறுங்கள். ஒரே பெயரை ஆறு தடவை. ஆறும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்து, ஆறு படங்களையும் 2 அல்லது 3 பிரேம் வீதம் மாற்றி மாற்றி அடுக்கி, காம்போசிட் மோடை (அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கும் முறை) ‘ஸ்க்ரீன்’ ஆக்கினால் கறுப்பு மறைந்து கீறல் மட்டும் படத்தின்மேல் நிற்கும். இதற்கு ஃபியூஷனே தேவையில்லை, எடிட் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆறு படங்களையும் 1-2-3-4-5-6 என்று வரிசையாக ஓட்டாதீர்கள், 12 பிரேமுக்கு ஒருமுறை சுற்று திரும்புவதைக் கண் கண்டுபிடித்துவிடும். 1-4-2-6-3-5-2-1 போலக் கலைத்துப் போடுங்கள்.

தமிழில் டைட்டில் போடுகிறவர்களுக்கு இந்தக் கைவழி இன்னொரு காரணத்தாலும் நல்லது. எழுத்தெழுத்தாக வரும் அசைவுகள் யூனிகோடு குறியீடுகளை எண்ணித்தான் வேலை செய்யும். ‘கொ’ என்பது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு. ஆகவே ‘ரைட் ஆன்’, ‘ஃபாலோயர்’ போன்றவற்றைப் பயன்படுத்தும் முன் கொம்பும் காலும் உடையாமல் சேர்ந்தே வருகின்றனவா என்று ஒவ்வொரு பெயரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். உடைந்தால் பெயரை இங்க்ஸ்கேப் போன்ற ஒன்றில் வடிவாக மாற்றி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பாக எடுத்து வாருங்கள்.

இனி ஆரம்பத்தில் சொன்ன தடுமாற்றம். ஃபியூஷனில் செய்த எழுத்து ஐந்தாறு அடுக்கு ஆனதும் டைம்லைன் முழு வேகத்தில் ஓடாது. ஒலி ஓடிக்கொண்டிருக்கும், படம் பிரேம்களைத் தவறவிட்டுத் தவறவிட்டு வரும். அந்த நிலையில் கட் தாமதமாகத் தெரிகிறதே என்று 3 பிரேம் முன்னே இழுத்துவிடுவீர்கள். ரெண்டர் செய்தபின் பார்த்தால் அது 3 பிரேம் முந்திக்கொண்டு நிற்கும். டைட்டிலின் தாளம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். குற்றம் எடிட்டருடையது அல்ல. ஆகவே வியூவரின் மேல் ஓரத்தில் தெரியும் பிரேம் வேகம் 24-ஐத் தொடாத நேரத்தில் எந்தக் கட்டையும் நகர்த்தக் கூடாது. ‘பிளேபேக்’ மெனுவில் ரெண்டர் கேஷை (கனமான பகுதிகளை முன்கூட்டியே கணித்துச் சேமிக்கும் வசதி) ‘ஸ்மார்ட்’ ஆக்கி, டைம்லைன்மேல் உள்ள சிவப்புக் கோடு நீலமாகும்வரை காத்திருங்கள். முடிந்துபோன பெயர்களை வலது சொடுக்கில் ‘ரெண்டர் இன் பிளேஸ்’ செய்துவிடலாம், திருத்தம் வந்தால் மூல வடிவுக்குத் திரும்ப வழி உண்டு. ஃபியூஷனோடு வேலை செய்ய 32 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்பது மிகைப்படுத்தல் அல்ல. 16-இல் எடிட் பக்கம் சௌகரியமாக ஓடும், எழுத்து அடுக்குகள் ஓடாது.

எழுத்தின் நேரக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். ஒரு பெயர் துடித்து அலைந்தாலும் படிக்கத்தக்க நிலையில் மொத்தமாக 40 பிரேமாவது இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் 25 பெயர்க் கார்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 3 நொடி போக, பெயர் எதுவும் இல்லாத 45 நொடி கையில் மிஞ்சும். அந்த 45 நொடியை எல்லா இடத்திலும் சமமாகத் தூவாமல் இரண்டு மூன்று இடங்களில் மொத்தமாக விடுங்கள். பெயர் வராத நேரத்தில்தான் பார்ப்பவர் படத்தை உற்றுப் பார்ப்பார்.

ஃபேர்லைட்: இலவசத்தில் கிடைக்கும் பெரிய கொடை

எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே முழு ஒலிக் கூடம் இருப்பதுதான் ரிசால்வைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். எடிட் பக்கத்தில் ஒலியைப் பொதுவாகப் பிரேம் பிரேமாகத்தான் நகர்த்துவோம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிரேம் என்பது 2,000 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு). ஒரு உலோக அடியின் தொடக்கம் அந்த 2,000-க்குள் எங்கோ இருக்கும், பிரேம் விளிம்பில் இருக்காது. ஃபேர்லைட் பக்கத்தில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, பிரேமுக்குள்ளேயே தள்ளி, அடியின் முதல் உச்சத்தைக் கட்டின்மேல் உட்காரவைக்கலாம். பெரிய அடிகளுக்கு இது கட்டாயம். காதுக்கு அரை பிரேம் தாமதம்கூட மந்தமாகக் கேட்கும்.

1960-இல் வந்த ‘சைக்கோ’வின் டைட்டிலைக் கேட்டால் இசைக் கருவிகளைக் குறைப்பதே எவ்வளவு செய்யும் என்று புரியும். ஹெர்மன் அந்தப் படத்துக்குத் தந்திக் கருவிகளை மட்டும் பயன்படுத்தினார். சால் பாஸின் பட்டைகள் திரையில் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக ஓடி, சிதறிய பெயர்த் துண்டுகளைச் சேர்த்துக் கலைக்கின்றன. வில் இழுப்பின் அவசரமும் பட்டைகளின் அவசரமும் ஒன்று. டைட்டில் ஒலியை அடுக்கும்போது நாற்பது ட்ராக் போடத் தோன்றும். நான்கு ஒலிக் குடும்பங்களில் நிறுத்திக்கொள்வது நல்லது: ஒரு அடிச்சுருதி, ஒரு துடிப்பு, ஒரு உரசல், ஒரு அமைதி.

அமைதியையும் ட்ராக்காகவே திட்டமிட வேண்டும். படத்தின் பெயர் விழுவதற்கு 8 பிரேம் முன்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 8 என்பது 90 பி.பி.எம்.-இல் அரைத் துடிப்பு. காது அடுத்த அடிக்காக மூச்சைப் பிடிக்கும். 20 பிரேம் ஆனால் ஒலி போய்விட்டதோ என்று அரங்கில் சந்தேகம் வரும். நிறுத்தும் இடத்தில் ஃபேட் (படிப்படியாகத் தேய்வது) வேண்டாம். 1 பிரேமில் அறுத்துவிடுங்கள். அறுத்த இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அலை சுழியில் இல்லாத இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. 50 முதல் 100 சாம்பிள் அளவுக்கு நுண்ணிய ஃபேட் போட்டால் போய்விடும்.

அடிக்கு முன்னால் எதிர்த்திசையில் உறிஞ்சுவதுபோல வரும் ஒலியை வாங்கிப் போட வேண்டாம், உங்கள் ஒலியிலிருந்தே செய்யலாம். அடிக்கும் ஒலியைப் பிரதி எடுத்து, வேக மெனுவில் திருப்பிப் போடுங்கள். ஃபேர்லைட்டின் ‘ரிவெர்ப்’ (எதிரொலி) சேர்த்து, சிதைவு நேரத்தை 3 நொடி அளவுக்கு நீட்டுங்கள். அதை வலது சொடுக்கில் பவுன்ஸ் செய்து (எஃபெக்ட்டோடு சேர்த்துப் புதுக் கோப்பாக்கி), கிடைத்த கோப்பை மறுபடி திருப்பி, அதன் முடிவை அசல் அடியின் தொடக்கத்தோடு ஒட்டுங்கள். பலர் சறுக்குவது பவுன்ஸில்: துண்டின் முடிவுக்குப் பின் வெற்றிடம் இல்லாவிட்டால் ரிவெர்பின் வால் வெட்டுப்பட்டு, திருப்பியபின் தொடக்கமே திடீரென்று வெடிக்கும். பவுன்ஸுக்கு முன்பே துண்டின் கடைசியில் 3 நொடி மௌனம் சேர்த்திருக்க வேண்டும்.

அடிச்சுருதியை 40, 50 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு ஸ்டுடியோ ஸ்பீக்கரில் மகிழ்ந்துபோவதும் பொதுவான தவறு. கைபேசி ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் கேட்காது. டைட்டில் வெறும் உரசலாக ஓடும். அதே ட்ராக்கை இன்னொன்றாக நகலெடுத்து, ‘டிஸ்டார்ஷன்’ கொஞ்சம் சேர்த்து, 150-க்குக் கீழே வடிகட்டிவிட்டு, அசலைவிட 12 டெசிபெல் குறைவாகக் கலந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் அந்தக் கனம் இருப்பதாகக் காது நம்பும்.

இசை கடைசி நேரத்தில் மாறினால் என்ன செய்வது? 90-க்கு வெட்டிய டைட்டிலுக்கு 96-இல் இசை வந்துவிட்டது என்றால் வேகத்தில் 6.7 சதவீத வித்தியாசம். ஃபேர்லைட்டின் ‘எலாஸ்டிக் வேவ்’ இசையை இழுத்துப் பொருத்தும். நீண்ட சுருதிக்கும் வயலின் இழுப்புக்கும் இது வெளியே தெரியாமல் நடக்கும். தோல் கருவி, உலோக அடி போன்ற கூர்மையான ஒலிகள் 3 சதவீதத்தைத் தாண்டியதுமே முனை மழுங்கிவிடும். ஆகவே இசையமைப்பாளரிடம் சுருதியையும் அடிகளையும் தனித்தனிக் கோப்புகளாக வாங்குங்கள். முதலாவதை இழுக்கலாம், இரண்டாவதை ஒவ்வொரு அடியாக வெட்டி இடம்மாற்றலாம்.

காசு கொடுக்க வேண்டுமா?

ஸ்டுடியோ பதிப்பின் விலை 295 அமெரிக்க டாலர், ஒரே தடவை. டைட்டிலுக்காக மட்டும் என்றால் அவசரமில்லை. இலவசத்தில் வெளியீடு 3840-க்கு 2160 அளவு, நொடிக்கு 60 பிரேம்வரை கிடைக்கிறது. டைட்டில்காரர் உடனே இழப்பதாக உணர்வது கலர் பக்கத்தின் ‘ஃபிலிம் கிரேன்’ (படச்சுருளின் மணல்போன்ற பொடிப் புள்ளிகள்). அது ஸ்டுடியோவுக்கு மட்டும், இலவசத்தில் போட்டால் திரையில் வாட்டர்மார்க் விழும். ஃபியூஷன் பக்கத்தில் உள்ள கிரேன் நோடு இலவசம்தான். அல்லது சாம்பல் நிறத் தளத்தில் உண்மையான ஃபிலிம் கிரேனைப் பதிவுசெய்த ஒரு ஷாட்டை மேலடுக்காக ‘ஓவர்லே’ மோடில் 30 சதவீத அளவில் போடலாம். எங்கள் கண்ணுக்கு இந்த இரண்டாவது வழியே அழகாக இருக்கிறது. இரைச்சல் நீக்கமும் ஸ்டுடியோவுக்கே. இந்த வகை டைட்டிலுக்கு அது வேண்டாம். நீண்ட படத்தின் கலர் வேலையும் அதே கணினியில் நடக்கப் போகிறது என்றால் வாங்குவது நியாயம்.

வெளியீட்டில் இரண்டு விஷயங்கள். கிரேனும் துடிக்கும் எழுத்தும் சேர்ந்தால் ஒவ்வொரு பிரேமும் முந்தையதிலிருந்து முற்றிலும் வேறு, எச்.264 கோப்பைச் சிறிய அளவில் எடுத்தால் கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மூலப் பிரதியை அதிகம் சுருக்காத டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எச்.க்யூ.எக்ஸ். வடிவக் கோப்பாக எடுத்துவைத்துக்கொண்டு, யூட்யூபுக்கு 2160 அளவில் ஏற்றினால் சேதம் குறையும். 1080 அளவில் ஏற்றிய அதே டைட்டில் அங்கே கண்கூடாக மோசமாகத் தெரியும்.

இன்னொன்றை எந்தச் சாக்கிலும் விட்டுவிடக் கூடாது. ஒளிக்கு உணர்வுள்ள வலிப்பு நோயாளிகளுக்காக, ஒரு நொடிக்குள் மூன்றுக்கு மேல் பளிச்சிடல் இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. 24 பிரேமில் அது 8 பிரேமுக்கு ஒன்று என்ற கணக்கு. மேலே சொன்ன 2, 3 பிரேம் செருகல்கள் இருட்டிலிருந்து இருட்டுக்குப் போனால் பிரச்சினை இல்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவினால் ஒவ்வொன்றும் ஒரு பளிச்சிடல். கலர் பக்கத்தின் வேவ்ஃபார்மை (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) திறந்துவைத்து, சந்தேகமான நொடிகளைப் பிரேம் பிரேமாக நகர்த்தி, ஒளி ஏறி இறங்கும் தடவைகளை எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் செருகலை எடுத்துவிட வேண்டியதில்லை. அதன் வெள்ளையை வேவ்ஃபார்மில் சுற்றியுள்ள ஷாட்டுகளின் உயரத்துக்கு இறக்கிவிட்டு, அடியின் கனத்தை ஒலியில் கூட்டிக்கொள்ளுங்கள்.